பொண்ணுக்கு செகண்ட் ஹேண்ட் பியானோ தேடின நாலு மாசம்

பொண்ணு ரெண்டு வருஷமா கீபோர்டுலதான் வாசிச்சிட்டு இருந்தா. கிரேடு ஒன் பரீட்சை முடிச்சதும் டீச்சர் "விரலுக்கு பலம் வரணும்னா நிஜ பியானோ வேணும், சின்னதா ஒண்ணு பாருங்க"ன்னு சொன்னாங்க. எங்க ஹால்ல காலியா இருக்குறது அஞ்சரை அடி சுவர்தான், அதனால சின்ன பியானோன்னா அகலமும் கம்மியா இருக்கும்னு நெனச்சு அளவெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். அப்படி இல்ல. 88 கீ இருந்தா அகலம் எப்படியும் ஒண்ணரை மீட்டர் கிட்ட வந்துடும், சின்னது பெருசுன்றதெல்லாம் உயரத்துலதான் இருக்கு.

முதல்ல பார்த்தது பெரம்பூர்ல ஒரு பழைய வீட்ல. உயரம் 95 செமீ, இங்கிலீஷ் பியானோ, மரமெல்லாம் தேன் கலர்ல அவ்ளோ அழகு, விலை 35,000 தான். அங்கயே அட்வான்ஸ் குடுத்துடலாம்னு கை துறுதுறுன்னு இருந்துச்சு, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ட்யூனர்கிட்ட காட்டுங்கன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்களேன்னு, அடுத்த வாரம் பியானோவுக்கு சுருதி சேர்க்கற ட்யூனர் அங்கிளை கூட்டிட்டு போனேன்.

அவர் ஒரு கீயைக்கூட தொடல. நேரா கீழ உக்காந்து, பெடலுக்கு மேல இருக்குற பலகையோட ஸ்பிரிங் பட்டையை விரலால மேல தள்ளினார், பலகை மொத்தமா கையோட வந்துடுச்சு. உள்ள டார்ச் அடிச்சா அடிப்பலகை ஓரமா விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு. கரையான். அப்புறம் மேல மூடியைத் திறந்து பேஸ் பக்கம், கம்பியைச் சுத்தி இறுக்கி வெச்சிருக்கற ஒரு பின்ல லீவரை மாட்டி லேசா திருப்பினார், என்னையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார். தயிர்ல ஸ்பூன் சுத்துற மாதிரி ஒரு பிடிமானமும் இல்ல. "தம்பி, இந்த பின்னு மரத்தைக் கவ்வி நிக்கணும்பா. கம்பி 230 கிட்ட இருக்கு, எல்லாம் சேர்ந்து இழுக்கறது பதினெட்டு இருபது டன். இது இப்படி இருந்தா நான் இன்னைக்கு ட்யூன் பண்ணிட்டுப் போனாலும் அடுத்த வாரமே இறங்கிடும்"னார். இவ்ளோ குட்டையான பியானோல, கீயை அழுத்தினா சுத்தியலை கம்பி மேல அடிக்க வைக்கற ஆக்‌ஷன் கீக்குக் கீழ இருக்குமாம், கம்பி வெச்சு இழுத்துதான் வேலை செய்யும், ரிப்பேருக்குக் கழட்டறதே பெரிய வேலை, கத்துக்கற பிள்ளைக்கு டச்சும் சரியா வராது. அந்த வீட்டு ஆன்ட்டிக்கு இதெல்லாம் தெரியாது, அவங்க அம்மா வாசிச்ச பியானோ, கேட்டுட்டு கண் கலங்கிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு மனசே சரியில்ல.

அடுத்து ஒரு கடைல பார்த்தோம், வெளிய பளபளன்னு புது பாலிஷ், உள்ள கம்பியெல்லாம் துரு. அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம்.

யமஹா யூ1 மேல ரொம்ப ஆசை இருந்துச்சு, 121 செமீ, கம்பி நீளம்ன்றதால பேஸ் ஆழமா வரும். ஆனா எங்க பட்ஜெட்டுக்கு வரல. கடைசில கிடைச்சதும் யமஹாதான், 110 செமீ, உள்ள இரும்பு பிளேட்ல இருக்குற சீரியல் நம்பரை வெச்சுப் பார்த்தா எண்பதுகள்ல ஜப்பான்ல செஞ்சது. பின்னு எல்லாம் இறுக்கமா இருந்துச்சு, கம்பியோட சத்தத்தைப் பெருசாக்கற சவுண்ட்போர்டு பலகைல விரிசல் இல்ல. சுத்தியல் ஃபெல்ட்ல கம்பி பதிஞ்ச கோடு இருந்துச்சு, ஆனா ஆழமில்ல, தேய்ச்சு சரி பண்ணிடலாம்னார் ட்யூனர் அங்கிள். நடு பெடலை அழுத்தி ஓரமா தள்ளினா கம்பிக்கு முன்னாடி ஒரு ஃபெல்ட் துணி இறங்கி சத்தம் பாதியாயிடுது, அபார்ட்மென்ட்ல ராத்திரி எட்டு மணிக்கு வாசிக்க இது எவ்ளோ பெரிய உதவின்னு இப்பதான் தெரியுது. 1,40,000 குடுத்தோம். தூக்கற கூலி தனி, 200 கிலோ கிட்ட வெயிட், லிஃப்ட்ல நுழையல, நாலு பேர் ரெண்டு மாடி படில பெல்ட் போட்டுத் தூக்கினாங்க.

வந்த அன்னைக்கே ட்யூன் பண்ணல, வீட்டுக் காத்துக்குப் பழகட்டும்னு ரெண்டு வாரம் விட்டோம். ஏ 440-ன்ற ஸ்டாண்டர்ட் சுருதிக்குக் கீழ நல்லாவே இறங்கியிருந்துச்சு, ஒரே தடவைல ஏத்தினா நிக்காதுன்னு மொதல்ல மொத்தமா மேல ஏத்திட்டு ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் வந்து சரி பண்ணினார். வெயில் படற பால்கனி பக்கமோ ஏசி காத்து அடிக்கிற இடமோ வேண்டாம்னு சொன்னதால சோபாவைத்தான் நகர்த்தினோம்.

இது நவம்பர், விடாத மழை, ஹால்ல வெச்சிருக்க ஈரப்பத மீட்டர் 82 சதவீதம் காட்டுது. நடு சி-க்கு மேல இருக்குற எஃப் அழுத்தினா மெதுவாத்தான் எழும்புது, ஈரத்துல உள்ள இருக்குற துணி உப்பிடுச்சாம். கீழ்ப் பலகைக்குள்ள சின்ன ஹீட்டர் ராடு மாட்டச் சொல்லியிருக்கார், சனிக்கிழமை வர்றார். அதுவரைக்கும் பொண்ணு அந்த எஃப்பை விரலால தூக்கி விட்டு விட்டு வாசிச்சிட்டு இருக்கா, கீபோர்டுல வாசிடின்னா வேண்டாம்ப்பாங்கறா.