"ரத்தம் போதும் சார்": பச்சைக் குழந்தையின் சி.எம்.வி. பரிசோதனைக்குச் சென்னையில் அலைந்த அனுபவம்

குழந்தைக்கு வயிற்றில் இருக்கும்போதே, தலையைச் சிறுக்க வைக்கக்கூடிய சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) கிருமி தொற்றியதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு 21 நாள்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் போய் நின்றால், கவுண்டரில் இருந்தவர் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டார்ச் டெஸ்ட்தானே சார்? ரத்தம் போதும், யூரின் எல்லாம் வேணாம்" என்று பில் போட்டுவிட்டார். சீட்டில் டாக்டர் தெளிவாக "சிறுநீர், சி.எம்.வி. பி.சி.ஆர்." என்று எழுதியிருந்தார். அவர்கள் கம்ப்யூட்டரில் சி.எம்.வி. என்று தட்டினால் முதலில் வருவது டார்ச் பேனல், அதாவது வயிற்றில் தொற்றும் பல கிருமிகளுக்குச் சேர்த்துப் போடும் ரத்தப் பரிசோதனை. அதைத் தேர்வு செய்துவிட்டார். பச்சைக் குழந்தையின் கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தம், காசு, போன நாள் எல்லாம் வீண். தலை சிறுத்துப் பிறந்த குழந்தையோடு, "தொற்றாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள்" என்ற ஒரு வரியோடு வெளியே வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் குழப்பம் டேப்பிலேயே ஆரம்பித்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் 32 செ.மீ. என்று இருந்தது. குழந்தை டாக்டர் அளந்தபோது 31. ஒரு சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே இருக்கிறது. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி நிறைமாதப் பெண் குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 33.9, அது 31.5-க்குக் கீழே போனால் மைக்ரோசெஃபாலி (சிறுத்த தலை), 30.3-க்குக் கீழே என்றால் கடுமையானது. ஆண் குழந்தைக்கு இதே எண்கள் 34.5, 31.9, 30.7. ஆக, 32 என்று எழுதினால் பெண் குழந்தை நார்மல். 31 என்றால் வரிசையாகப் பரிசோதனைகள். துணியாலான தையல் டேப் இழுபடும். இழுபடாத டேப்பால்தான் அளக்கச் சொல்ல வேண்டும். முன்பக்கம் புருவத்துக்குச் சற்று மேலே, பின்பக்கம் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம், இரண்டையும் சுற்றி மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுக்க வேண்டும். பிரசவத்தில் தலை நசுங்கி நீண்டிருந்தாலோ, வேக்குவம் போட்டு வீங்கியிருந்தாலோ சில நாள் கழித்து மறுபடி அளக்காமல் முடிவு கட்டக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. இன்டர்குரோத் அல்லது ஃபென்டன் அட்டவணையில் வாரக் கணக்குப்படி பார்ப்பார்கள்.

அப்பா, அம்மா இருவர் தலையையும் அளக்கச் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சில குடும்பங்களில் தலை அளவே சிறியது. குழந்தையின் மூளையில் கோளாறு இருக்காது. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மரபணுக் கோளாறாலும் தலை சிறுக்கும். அதில் சில வகைகள் ஸ்கேனில் அப்படியே தொற்று மாதிரியே சுண்ணாம்புப் புள்ளிகளைக் காட்டும். உறவினர்கள் இந்த இடத்தில் கடுகுத் தலையணையோடு வந்து நிற்பார்கள். தட்டையான தலைக்கு வடிவம் வருமா வராதா என்பது வேறு பேச்சு. மூளை வளர்ந்தால்தான் மண்டை வளரும். தலையணைக்கு அங்கே வேலை இல்லை.

இனி ரத்தம் ஏன் போதாது என்பதற்கு வருவோம். டார்ச் பேனலில் வருவது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற இரண்டு எதிர்ப்புப் பொருள்கள். ஐ.ஜி.ஜி. அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான பெண்களுக்குச் சின்ன வயதிலேயே சி.எம்.வி. வந்து போயிருக்கும் என்பதால், குழந்தையின் ரிப்போர்ட்டில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வருவதில் ஆச்சரியமே இல்லை. அதை வைத்து அழவும் வேண்டாம். ஐ.ஜி.எம். குழந்தையே உண்டாக்குவது; ஆனால் தொற்று இருக்கும் குழந்தைகளிலேயே பலருக்கு அது நெகட்டிவாக வரும். எங்களுக்கு வந்த பேனல் ரிப்போர்ட்டும் இதே ரகம்: ஐ.ஜி.ஜி. எகிறிக் கிடந்தது, ஐ.ஜி.எம். நெகட்டிவ். டாக்டர் அதை மடித்துக் கையில் கொடுத்து, "யூரின் எங்கே?" என்றார்.

சிறுநீரிலோ எச்சிலிலோ கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். மூலம் பார்ப்பதுதான் சரியான வழி. 21 நாள் தாண்டிவிட்டால், தாய்ப்பால் வழியாகவோ, தூக்கிக் கொஞ்சியவர்கள் வழியாகவோ பிறந்த பிறகு தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிடும். வயிற்றிலேயே தொற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. எச்சில் எடுப்பது சுலபம். ஆனால் பால் குடித்த உடனே எடுத்தால் தாய்ப்பாலில் இருக்கும் கிருமியே பாசிட்டிவ் காட்டிவிடும். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் சிறுநீரிலும் உறுதி செய்ய வேண்டும். அதற்கு முதலிலேயே சிறுநீர் கொடுத்துவிடலாம்.

சொல்வது சுலபம்! பச்சைக் குழந்தையிடம் சிறுநீர் பிடிப்பது தனிக் கலை. ஒட்டும் ஓரம் உள்ள குழந்தைகளுக்கான யூரின் பேக் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும்; ஒன்றுக்கு நான்காக வாங்குங்கள், முதல் ஒன்றிரண்டு கழன்றுவிடும். கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வீட்டு எண்ணெயும் பவுடரும்தான். வெறும் தண்ணீரால் துடைத்து, ஈரம் போகத் துணியால் ஒற்றிய பிறகே ஒட்ட வேண்டும். பெண் குழந்தைக்கு ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள தோலில் முதலில் ஒட்டி, அங்கிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டு வந்தால் ஒழுகாது. பால் கொடுத்துவிட்டு ஒட்டினால் காத்திருக்கும் நேரம் குறையும். 2 முதல் 5 மில்லி போதும். மூடி திருகும் ஸ்டெரைல் டப்பாவில் ஊற்றி, ஐஸ் பேக்கோடு கொண்டுபோக வேண்டும். உறைய வைக்கக் கூடாது. வெயிலில் வேளச்சேரியிலிருந்து எழும்பூர் வரை வெறும் கவரில் வைத்து எடுத்துப் போகிற சமாசாரம் இல்லை இது.

சனிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள். பல பரிசோதனைக் கூடங்கள் சாம்பிளை வாங்கி வைத்து, வெளியூரில் உள்ள தங்கள் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புகின்றன. ஞாயிற்றுக்கிழமை அது எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொடுக்கும் முன் கேட்க வேண்டியது: பி.சி.ஆர். இங்கேயே போடுகிறீர்களா, அனுப்புகிறீர்களா? பில்லில் "சிறுநீர்" என்று இருக்கிறதா? சாம்பிள் எடுத்த தேதி ரிப்போர்ட்டில் வருமா? கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. 21 நாள் கணக்கு சாம்பிள் எடுத்த தேதிக்குத்தான், ரிப்போர்ட் வந்த தேதிக்கு அல்ல. இன்னொன்று, பெயர். டிஸ்சார்ஜ் சீட்டில் "பேபி ஆஃப்" என்று அம்மா பெயர் இருக்கும், பில்லில் அப்பா பெயரைப் போட்டுவிடுவார்கள். காப்பீட்டுக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் போகும்போது இரண்டும் ஒரே குழந்தை என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அங்கேயே நின்று திருத்தி வாங்கிவிடுங்கள்.

எங்கள் ரிப்போர்ட்டில் சி.எம்.வி. "டிடெக்டட்" என்று வந்தது. கெடுவுக்குள் எடுத்தது என்ற ஒரு நிம்மதி. ரத்தத்தில் தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனை, உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து என்று பயப்பட வேண்டாம். இந்த வயதில் வயிறு நிறையப் பால் கொடுத்துத் துணியில் இறுகச் சுற்றிவிட்டால் பல குழந்தைகள் தூங்கிக்கொண்டே முடித்துவிடும். சுண்ணாம்புப் புள்ளிகள் மூளையின் நீரறை ஓரமாக இருந்தால் சி.எம்.வி.யின் சாயல், அங்கங்கே சிதறி இருந்தால் டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு கிருமியின் சாயல் என்பார்கள்; அது வெறும் சாயல்தான், தீர்ப்பு அல்ல.

காதுப் பரிசோதனை மட்டும் படுத்தி எடுத்துவிட்டது. பிறந்த ஆஸ்பத்திரியில் ஓ.ஏ.இ. என்ற சின்ன டெஸ்ட்டில் "பாஸ்" போட்டு அனுப்பியிருந்தார்கள். சி.எம்.வி. உள்ள குழந்தைக்கு அது போதாது, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா டெஸ்ட் வேண்டும். அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். ஆட்டோவில் ஜம்மென்று தூங்கிக்கொண்டு வரும் குழந்தை, அந்த அறைக்குள் நுழைந்ததும் கண்ணை உருட்டிப் பார்க்கும். வழியில் தூங்க விடாதீர்கள், பாலை அங்கே போய்க் கொடுங்கள். முக்கியமாக, அன்று தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் எலக்ட்ரோடு வழுக்கிக்கொண்டே இருக்கும். "எண்ணெய் வெச்சிட்டு வந்தா எப்படிம்மா ஒட்டும்? போயிட்டு நாளைக்கு வாங்க" என்று எங்கள் கண்ணெதிரே ஒரு பாட்டியையும் மருமகளையும் திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டிச் சொல்ல ஒரு காகிதம் சுவரில் ஒட்டக் கூடாதா? முதல் பெரா நன்றாக வந்தாலும் விட்டுவிடக் கூடாது. இந்தக் கிருமியால் வரும் செவித்திறன் இழப்பு மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். முதல் சில வருடங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்து வால்கான்சிக்ளோவிர். பிறந்த ஒரு மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. கிலோவுக்கு 16 மி.கி., தினம் இரண்டு வேளை, ஆறு மாதம். 2.5 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 40 மி.கி.; மில்லிக்கு 50 மி.கி. உள்ள சிரப் என்றால் 0.8 மில்லி. எடை ஏற ஏற டாக்டர் அளவை மாற்றிக்கொடுப்பார். தெருமுனைக் கடையில் இந்த சிரப் கிடைக்காது, 450 மி.கி. மாத்திரைதான் எடுத்து நீட்டுவார்கள். வீட்டில் அதை உடைத்துப் பொடித்துக் கொடுக்கிற வேலையே வேண்டாம். கையில் படவே கூடாத மருந்து, கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது. முதல் ஆறு வாரம் வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும், எட்டாவது வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். தலையைப் பெரிதாக்கும் மருந்து இல்லை இது. காதையும் வளர்ச்சியையும் ஓரளவு காப்பாற்றும், அவ்வளவுதான். குழந்தையின் வளர்ச்சிக்கான பயிற்சியைத் தொடங்க ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் சிறு வயதுப் பயிற்சி இருக்கிறது.

"ஜிகாவா இருக்குமோ?" என்று கேட்பவர்களுக்கு: 2015-இல் பிரேசிலில் வந்த செய்திகளால் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் ஜிகா கிருமியையும் பரப்பும்; ஜிகா 2021-இல் கேரளத்திலும் வந்தது. ஆகவே கர்ப்பத்தில் காய்ச்சலும் தடிப்பும் வந்திருந்தாலோ, வெளியூர் போயிருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் தலை சிறுக்க வைக்கும் தொற்றுகளில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது சி.எம்.வி.தான். கர்ப்பம் முழுக்கப் பப்பாளி, அன்னாசி, மதில் மேல் பூனை என்று எச்சரித்தவர்களில் ஒருவர்கூட மூத்த குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. பால்வாடி போகும் வயதுப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும்தான் இந்தக் கிருமி தாராளமாக இருக்கும். பிள்ளை தட்டில் வைத்த மிச்ச சோற்றைச் சாப்பிடுவது, அதே ஸ்பூனில் ருசி பார்ப்பது, ஜட்டி மாற்றிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வது, இவைதான் வழி. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முத்தத்தை நெற்றியில் கொடுங்கள்.

21 நாள் தாண்டிவிட்டவர்களுக்கு ஒரு கடைசி வழி உண்டு. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி வடிதாள் அட்டையில் ரத்தப்புள்ளி எடுத்திருந்தால், அந்த அட்டையில் பி.சி.ஆர். போட்டுப் பார்க்கலாம். பாசிட்டிவ் வந்தால் வயிற்றிலேயே தொற்றியது உறுதி. நெகட்டிவ் வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை. அட்டையை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். போன் போட்டுக் கேளுங்கள், தூக்கிப் போடுவதற்கு முன்.