வலது கை தட்டைப் பிடிக்கட்டும்

என் மகளுக்கு உடலின் வலப்பக்கத்தைப் பாதித்த மூளை முடக்குவாதம். மூளையின் இடப்பாதியில் நேர்ந்த பாதிப்பு அது. எட்டு மாதத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும் இடது கையைத்தான் நீட்டுவாள். வலது கை மூடியே இருக்கும். "இடக்கைப் பிள்ளை, வேறொன்றுமில்லை" என்றார்கள் உறவினர்கள். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை நாடினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் கைக்குழந்தையோடு யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில்தான் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, தொடங்கியது. முதலில் விளையாட்டு நேரத்தில் மட்டும் இடது கைக்கு உறை மாட்டி, வலது கையை வேலைக்கு இழுத்தார்கள். பிறகு இரு கைப் பயிற்சி. எண்ணெய் தேய்த்து நீவினால் கை சரியாகிவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். நீவுவது பிள்ளைக்கு இதமாக இருக்கும். ஆனால் வேலை செய்து பழகினால்தான் கை வேலையைக் கற்கும் என்றார் தெரபிஸ்ட்.

பெரிய போராட்டம் சாப்பாட்டில்தான். இடது கையால் சோறு உண்பதை என் மாமியாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வலது விரல்களைக் குவித்துப் பிசைய வைப்பார். பிள்ளை பாதியிலேயே அழுதுகொண்டு எழுந்துவிடுவாள். அவரையும் ஒருநாள் கூட்டிப்போனேன். "அம்மா, தட்டு நகராமல் பிடிப்பதும் சாப்பிடுகிற வேலைதான். வலது கை அதைச் செய்யட்டும்" என்றார் தெரபிஸ்ட். அன்று இரவு தட்டின் விளிம்பில் பேத்தியின் வலது கையை எடுத்து வைத்தவர் மாமியார்தான். பாதிக்கப்பட்ட கை நல்ல கையைப் போல ஆக வேண்டும் என்ற ஆசை, பிள்ளையைத்தான் வதைக்கிறது. அது நல்ல துணைக்கையாக வரட்டும். அதுவே பெரிய காரியம்.

"உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று அவளிடமே கேட்டார்கள். பள்ளியில் டிபன் பாக்ஸைத் தானே திறக்க வேண்டுமாம். இப்படி ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்க ஏறக்குறைய 15 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டியிருக்கும், வீட்டில் செய்வதும் அதில் சேரும் என்று சொன்னபோது எனக்குத் தெம்பு வந்தது. தினமும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற முடியாதவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி ஏது? மூடியுள்ள மரச் சொப்புச் சாமான்களைத் திறந்து மூடினாள். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு. வலது கை கிழங்கைப் பிடிக்க, இடது கை தோலை உரிக்கும். தடித்த கிழங்கு பிடிக்க எளிது. அதில் தொடங்கி மெலிந்ததற்கு வந்தோம். ஆச்சிக்கும் சேர்த்து உரித்துக் கொடுப்பாள். டிபன் பாக்ஸ் அந்தக் கோடைக்கு முன்பே திறந்துவிட்டது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளும் அதில் சேரலாம். தெரபிக்குப் போகும்போது, வீட்டில் பிள்ளை வேலை செய்வதைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். புது இடத்தில் என் மகள் வலது கையை மடியில் ஒளித்துக்கொள்வாள். வீட்டுக் காட்சியைப் பார்த்த பிறகுதான், மணிக்கட்டு எங்கே மடங்குகிறது, மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று தெரபிஸ்ட் சரியாகச் சொன்னார்.