மணிமேகலையின் கடைசிக் காதைகளைப் படித்து முடித்தோம்

மணிமேகலை என்றால் பலருக்கும் அமுதசுரபியும் ஆதிரையும்தான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடநூல் தந்தது அவ்வளவுதான். இந்தப் பௌத்தக் காப்பியத்தின் முப்பது காதைகளில் (அத்தியாயங்களில்) 27, 29, 30 ஆகிய மூன்றும் வறண்ட தர்க்கம் என்று ஒதுக்கப்பட்டே கிடக்கின்றன. கும்பகோணத்தில் ஒரு கிளை நூலகத்தின் மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் அந்த மூன்றையும் வரி விடாமல் படித்து முடித்திருக்கிறது. எங்களில் தமிழை முறையாகப் பட்டத்துக்குப் படித்தவர் யாரும் இல்லை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், தையல் கடை நடத்தும் அம்மா, ஐ.டி.ஐ. மாணவன், நான், இன்னும் சிலர். எங்களால் முடிந்தது என்றால் யாராலும் முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நூலுக்குச் செலவே இல்லை. மூலம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தி பிரித்த பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டோம். உரைக்கு ஔவை துரைசாமிப் பிள்ளை. ஆனால் உரையை முதலில் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஒருவர் உரக்கப் படிப்பார். பிறகு இன்னொருவர் அதே பகுதியைப் படிப்பார். புரிந்ததை எல்லோரும் சொன்ன பிறகுதான் உரை.

வாதத்துக்கான ஒழுங்கையும் நூலிலிருந்தே எடுத்தோம். முதல் காதையில் இந்திர விழாவை அறிவிக்கும் வள்ளுவன், 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று அழைக்கிறான். கூடவே, பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்கிறான். ஊரே திரளும் திருவிழாவில் தத்துவத்துக்கும் ஒரு மேடை போட்டிருக்கிறார்கள்! அந்த வரிகளைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

27ஆம் காதையில் காப்பியத் தலைவி மணிமேகலை வஞ்சி நகரில் மாதவன் (ஆண் துறவி) வடிவில் சென்று, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சும்மா படித்தபோது யார் எதைச் சொன்னார் என்பதே மனத்தில் நிற்கவில்லை. ஆளுக்கொரு வாதியைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். அவரவர் தம் வாதிக்காக வழக்காட வேண்டும். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட வறண்டதாகத் தெரியவில்லை. தபால்காரர் ஐயாவுக்கு ஆசீவகம் என்ற பழைய சமயம் விழுந்தது. நிலம், நீர், தீ, காற்று என்ற நால்வகை அணுக்களோடு உயிரும் ஓர் அணு என்பதை வரி வரியாக விளக்கினார். ஆசீவகர்களின் சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கொள்கையை எதிர்த்தரப்பாரின் நூல்கள் வழியாகத்தான் அறிகிறோம். அவற்றுள் மணிமேகலை முக்கியமான ஒன்று. இதைச் சொன்னபோது ஐயாவின் குரல் தழுதழுத்தது.

தையல் கடை அம்மாவுக்குப் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் பிறவும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. கண்ணால் கண்டதே உண்மை, கருதி அறிவது செல்லாது. இதுதான் அவன் கட்சி. அம்மா அசரவே இல்லை. "என் கடைக்கு வருகிறவர்களிடம் அளவு எடுக்காமல் நான் துணி வெட்டுவதில்லை. கண்டால்தான் கணக்கு" என்றார். மாணவன் மணிமேகலையின் பதிலைப் படித்தான்:

'தந்தை தாயரை அனுமானத்தால் அலது
இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்?'

உன் தாய் தந்தை இன்னார் என்பதைக் கருதல் அளவையால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அம்மா சற்று யோசித்துவிட்டு, "தம்பி, அதற்கு நாலு பேர் சாட்சி இருக்கிறதே" என்றார். "அது ஆகமம் அம்மா. பிறர் சொல்லை நம்புவது. உங்கள் கட்சி அதையும் ஏற்காது" என்றான் அவன். அன்று மாலை நூலகம் மூடும் நேரம் தாண்டியும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

29ஆம் காதை கடினமானதுதான். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பௌத்த அளவை நூலை, அதாவது தர்க்கத்தை, மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். 'இம்மலை நெருப்புடைத்து' என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), 'புகையுடைத்து ஆதலால்' என்பது ஏது (காரணம்), அடுக்களை திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இவ்வளவும் எளிது. போலிகளின், அதாவது பிழையான வாதங்களின், பட்டியல் வரும்போதுதான் மூச்சு முட்டும். பக்கப்போலி மட்டும் ஒன்பது வகை. தன் சொல்லைத் தானே மறுப்பதற்கு எடுத்துக்காட்டு 'என் தாய் மலடி'. செய்தித்தாளைக் கொண்டுவந்து அறிக்கைகளிலும் விளம்பரங்களிலும் போலிகளைத் தேடினோம். நிறையவே கிடைத்தன. அதற்கு மேல் எல்லா உட்பிரிவுகளையும் மனப்பாடம் செய்ய முயலவில்லை; தேவையும் இல்லை.

இந்த ஊருக்கும் இந்த நூலுக்கும் உறவு உண்டு. 1880 முதல் 1903 வரை இங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். பௌத்தச் செய்திகள் விளங்காமல் அவர் தவித்தபோது, மளூர் ரங்காசாரியார் என்ற அறிஞர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்லி உதவினார். அவ்வளவு பெரிய அறிஞருக்கே அருகில் உட்கார்ந்து விளக்க ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். தனியாகப் படித்துப் புரியவில்லை என்று நூலை மூடி வைத்தவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி திறங்கள்.

30ஆம் காதையை உரக்கப் படித்தே ஆக வேண்டும். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகள். 'பேதைமை சார்வாச் செய்கை ஆகும்' என்று ஒவ்வொன்றாக ஏறி, 'பேதைமை மீளச் செய்கை மீளும்' என்று ஒவ்வொன்றாக அவிழ்கிறது. ஆளுக்கொரு அடியாகச் சொல்லிக்கொண்டே போனோம். கீழே கதைப்புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த சிறுவர் இருவர் மாடிக்கு வந்து, தாங்களும் சொல்லலாமா என்று கேட்டார்கள். சொன்னார்கள், ஓர் எழுத்துப் பிசகாமல்.

அடுத்து நீலகேசி. பௌத்தத்தை மறுக்கும் சமண நூல். அதிலும் வாதாடுகிறவள் ஒரு பெண்தான். 1936இல் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த அந்த நூலில் ஆசீவகவாதியும் பூதவாதியும் மறுபடி வருகிறார்கள். இந்தமுறை சீட்டுப் போட வேண்டாம், பூதவாதி தமக்கே வேண்டும் என்று தையல் கடை அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.