315 குழலில் ஒட்டிய செம்பு: இதுவரை

தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த 315 போர் (bore, குழலின் உள்ளளவு) ரைஃபிள் பெரியப்பா கைக்குத் திரும்பியதும், போல்ட்டைக் கழற்றி, தோட்டா அமரும் சேம்பர் காலிதானா என்று பார்த்துவிட்டுக் குழலுக்குள் டார்ச் அடித்தோம். குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் மேட்டில் நீளநீளமாகச் செம்பு நிறக் கோடுகள், வாய்ப் பக்கம் அதிகமாக. லைசென்ஸ் அவர் பெயரில். அவர் பக்கத்தில் இல்லாமல் நான் அதைத் தொடுவதில்லை, அதனால் வேலை அவருடைய மதியத் தூக்கத்தை அனுசரித்துத்தான் நடக்கிறது.

குண்டின் மேலுறை பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் துத்தநாகம். சுடும்போது அது தேய்ந்து குழலில் ஒட்டும். அதன்மேல் வெடிமருந்துக் கரி, கரிமேல் மறுபடி செம்பு. கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் குறி தப்பாதவரை விட்டுவிடலாம். கடலோரத் தேவிபட்டினத்தில் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அது சரிப்படாது. செம்பும் இரும்பும் ஒட்டிக் கிடக்க நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அரிபடுவது இரும்புதான், செம்பு சுகமாக இருக்கும். எனக்குக் கவலை குறியைவிட இந்தத் துருதான்.

பெரியப்பா பட்டாளத்துக்காரர். "சிந்தி வெள்ளையா வர்றவரைக்கும் உருவுடா, அவ்வளவுதான் பாடம்" என்றார். சிந்தி என்பது துடைக்கும் துணி. பிறகு கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாமா என்றார். அந்தக்காலத் தோட்டாக்களின் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விட்டுப்போகும் உப்பைக் கழுவ அது சரியான வைத்தியம். செம்பு அதற்கு அசையாது.

முதலில் கரி. சாதாரணச் சுத்திகரிப்பு எண்ணெயில் ஊறவிட்டு, நைலான் பிரஷ் போட்டு, துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை இழுத்தோம். இதைத் தாண்டிக் குதித்தால் அடியில் இருக்கும் செம்பை, அதைக் கரைக்கும் மருந்து தொடவே தொடாது. துடைக்கும் கம்பியை எப்போதும் சேம்பர் பக்கமிருந்துதான் விட்டோம். குழல்வாயின் விளிம்பில் கம்பி உரசித் தேய்ந்தால் குண்டு வெளியேறும் இடமே கோணலாகிவிடும்.

அடுத்து அம்மோனியா கலந்த மருந்து, மதுரையில் துப்பாக்கிக் கடையில் வாங்கியது. மூடியைத் திறந்ததும் பெரியம்மா அடுப்படியிலிருந்து, "ஐஸ் கம்பெனியில கேஸ் லீக்காயிருச்சா?" என்று கேட்டார். வேலையைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினோம். பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியும் அங்கேதான் இருந்தது. அதை முதலில் அப்புறப்படுத்தினேன். இரண்டும் கலந்தால் கிளம்புவது நச்சுப்புகை.

செம்பு இருந்தால் துணி நீலமாக வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அம்மோனியா செம்பைக் கரைக்கும்போது வரும் நிறம் அது. ஆனால் அந்த நீலத்தை அப்படியே நம்பக் கூடாது. கம்பியின் பித்தளை முனையை மட்டும் மருந்தில் நனைத்துத் துணியில் சுற்றிப் பார்த்தேன். குழலுக்குள் போகாமலே துணி நீலம்! பித்தளையிலும் செம்புதானே இருக்கிறது. 'எத்தனை முறை துடைத்தாலும் நீலம் நிற்கவில்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் கம்பி முனையைத்தான் கரைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். பிளாஸ்டிக் முனைக்கு மாறிய பிறகு வரும் நிறம் குழலுடையதுதான்.

மருந்தைப் பூசி பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டுத் துடைப்பது, மறுபடி பூசுவது. இரவு முழுக்க ஊறவிடச் சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் கடற்காற்றில் ஈரமான அம்மோனியாவைக் குழலில் விட்டுவிட்டுத் தூங்கப் போக எனக்கு மனம் வரவில்லை. குழலை நேர்மின்முனையாக்கி, உள்ளே ஒரு எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரியால் செம்பைக் கம்பிக்கு இழுக்கும் முறையும் இருக்கிறது. மின்முனை மாறினால் செம்பு குழலிலேயே முலாமாக ஏறும், நேரம் கூடினால் இரும்பும் அரிபடும். பரம்பரைத் துப்பாக்கியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

முதலில் மயில்கழுத்து நீலம் வந்தது, பிறகு வெளிறியது. நடுவில் துணி மறுபடி கறுத்தது, அடியில் இன்னொரு அடுக்குக் கரி. திரும்பவும் எண்ணெய், திரும்பவும் அம்மோனியா. இப்போது லேசான வானநீலம்தான் வருகிறது. வாய்க்கு அருகில் ஒரு கீற்று மட்டும் டார்ச்சுக்கு மினுங்குகிறது. அரைக்கும் பசை போட்டால் போய்விடும்தான், ஆனால் வரிகளும் சேர்ந்து தேயும். போடவில்லை.

மருந்து வாடையே இல்லாமல் துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசி வைத்தாயிற்று. அடுத்தமுறை சுடுதளத்துக்குப் போகும்போது முதல் வேலை அந்த எண்ணெயைத் துடைப்பது. தொடக்கத்தில் விழும் சில குண்டுகளைக் குறிக் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. கழுவிய குழலில் அவை விலகி விழுவது வழக்கம்.