கிராபிக்ஸ் கார்டை இரண்டு முறை பிரித்த அனுபவம்

என்னிடம் இருப்பது 2017-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. மூன்று ஃபேன் வைத்த, இரண்டு ஸ்லாட்டுக்கு மேல் இடம் பிடிக்கும் பெரிய கார்டு. இத்தனை வருடம் உழைத்தும் என் தேவைக்கு இன்னும் தாராளமாகப் போதும். ஆனால் கொஞ்ச நாளாக, கேம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே ஃபேன்கள் முழு வேகத்தில் இரைய ஆரம்பித்தன. சிப்பின் வெப்பநிலை 84 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றது. இந்தக் கார்டுக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் அதே கேமில் 70-ஐ ஒட்டி ஓடியது. வெளியே தெரிந்த தூசியை ஊதித் தள்ளிப் பார்த்தேன், இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை. சரி, பிரித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருடம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையும் எனக்கு வெகுநாளாக உண்டு. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டதால் ஸ்க்ரூ மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழிக்கவும் தயக்கம் இல்லை.

பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் கேமை ஓடவிட்டுக் கார்டைச் சூடாக்கினேன். சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட், காய்ந்துபோனால் குளிர்ந்த நிலையில் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். சூட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி உள்ளே மிச்சமிருந்த மின்சாரத்தைத் தீர்த்தேன். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுத்தான் கார்டில் கை வைத்தேன். ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கார்டை மேலே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கொக்கி உடையும்.

ஸ்க்ரூ கழற்றும் வேலையில் எனக்கு மிகவும் உதவியது ஒரு வெள்ளைத்தாள். கார்டின் பின்புறத்தை அதில் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். மொத்தம் பதினேழு, நீளம் நான்கு விதம். நீளமான ஸ்க்ரூ குட்டையானதன் இடத்தில் போய்விட்டால் போர்டில் எதையாவது குத்தும். சிப்புக்குப் பின்னால் நாற்புறமும் இருக்கும் நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்கள்தான் கூலரை சிப்போடு சேர்த்து அழுத்தி வைத்திருப்பவை. அவற்றை மட்டும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்தினேன். ஒரே பக்கத்தை முழுவதும் கழற்றினால் எதிர்ப்பக்க அழுத்தம் மொத்தமும் சிப்பின் ஒரு விளிம்பில் போய் உட்காரும்.

எல்லா ஸ்க்ரூவும் வந்த பிறகும் கூலர் அசையவில்லை. இங்கே நேராகப் பிடித்து இழுக்கக் கூடாது. மெல்ல இடமும் வலமுமாகத் திருகினேன். நான்காவது முறை ‘சப்’ என்று ஒரு சத்தம், கூலர் கழன்றது. உடனே தூக்கிவிடவும் கூடாது, ஃபேன் கேபிள் இன்னும் போர்டோடுதான் இருக்கிறது. புத்தகம் போலப் பாதி திறந்து, கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தேன். கேபிளைப் பிடித்து இழுத்தால் கம்பி தனியாக வந்துவிடும்.

சிப்பைப் பார்த்ததும் பாதிக் காரணம் புரிந்துவிட்டது. பேஸ்ட் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு மாதிரி வறண்டிருந்தது. அதைவிட முக்கியம், சிப்பின் நடுவில் பேஸ்டே இல்லை. அங்கே சிலிக்கான் பளபளவென்று வெறுமையாகத் தெரிய, பேஸ்ட் முழுவதும் நாலு ஓரத்திலும் வரப்பு கட்டியது போல ஒதுங்கி நின்றது. சிப் சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். வருடக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கியே நடுவில் இருக்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுகிறது. அதிகம் சூடாகும் இடத்தில்தான் அது முதலில் காலியாகிறது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்தேன். மூன்றாவது துடைப்பில் ஜிபி102-350 என்ற சிப்பின் பெயர் தெளிவாக எழும்பியது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு வழவழப்பு. 471 சதுர மி.மீ., அதாவது ஒரு தபால்தலை அளவு. அதற்குள் சுமார் 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள். நாம் பார்ப்பது சிப்பின் முதுகு. டிரான்சிஸ்டர்கள் இருக்கும் பக்கம் கீழே பார்த்தபடி, நுண்ணிய ஈயப்பற்றுக் குமிழ்களில் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. பிறக்கிற வெப்பம் சிலிக்கானை ஊடுருவி முதுகு வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுக் கார்டின் அளவு 250 வாட். சிப்பின் பங்கு சுமார் 200 என்று வைத்தால்கூட ஒரு சதுர செ.மீ.க்கு 40 வாட்டுக்கு மேல் வருகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சதுர செ.மீ.க்கு வருவது ஐந்து வாட் அளவுதான். இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு கூலரின் எடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிப்பைச் சுற்றி மெமரி சிப்புகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணினேன், பதினொன்று. பன்னிரண்டாவது இடம் காலியாக இருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு மெமரி சிப்பை உட்கார வைப்பதற்கான ஈயப்புள்ளிகள் வரிசை பிசகாமல் தயாராக இருந்தன. இந்தக் கார்டின் மெமரி 11 ஜிபி (கிகாபைட்) என்ற விநோதமான எண்ணுக்கு அதுதான் விளக்கம். ஒவ்வொரு மெமரி சிப்பும் ஒரு ஜிபி, ஒவ்வொன்றுக்கும் 32 பிட் பாதை. பதினொன்றுக்கு 352 பிட். இதே ஜிபி102 சிப்பை வைத்து வந்த டைட்டன் கார்டுகளில் பன்னிரண்டும் நிரம்பி, 384 பிட்டாக இருக்கும். விவரப் பட்டியலில் எத்தனையோ முறை வாசித்த எண்தான். காலியான அந்தச் சதுரத்தில் விரல் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது நிஜமாக உறைத்தது.

மெமரிக்கும் சிப்புக்கும் இடையே ஓடும் செம்புக் கோடுகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நேராகப் போக இடமிருந்தும் சில கோடுகள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. பக்கத்துக் கோட்டின் நீளத்துக்குச் சமமாக வர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வளைத்தது. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு விநாடிக்கு 1,100 கோடி பிட் போகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் சிக்னல் இந்தப் போர்டில் ஒன்றரை செ.மீ.கூட நகராது. அதனால் ஒரு கோடு சில மி.மீ. நீண்டுவிட்டாலே அதில் வரும் தகவல் பக்கத்துக் கோட்டோடு ஒத்து வராது. வரைந்தவர்களின் பொறுமையை நினைத்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப்பின் ஒரு பக்கம் முழுக்க சாம்பல் நிறக் கட்டிகள், அதாவது காயில்கள். அவற்றின் அருகில் மாஸ்ஃபெட்கள், அதாவது மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்குவது இந்தக் கூட்டம்தான். ஒரு வோல்ட்டில் 200 வாட் என்றால் 200 ஆம்பியர். கார் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் பேட்டரியிலிருந்து பாய்கிற மாதிரியான மின்னோட்டம், இந்தப் போர்டில் மணிக்கணக்காக ஓடுகிறது. அதனால்தான் வேலையை இத்தனை காயில்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் மாஸ்ஃபெட்களுக்கும் தெர்மல் பேட், அதாவது வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை தேவைப்படுகிறது.

அடுத்து கூலர். மூன்று ஃபேனையும் கழற்றியதும், ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரி ஒரு தூசிப்படலம் தெரிந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் இது வந்திருக்காது. மிச்சத்தை பிரஷ்ஷால் எடுத்தேன். காற்றடித்துச் சுத்தம் செய்கிறவர்கள் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் தேயும், அந்த மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்து போர்டுக்குள் அனுப்பவும் கூடும்.

சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தகட்டிலிருந்து ஐந்து ஹீட் பைப்கள் கிளம்பி அலுமினியத் தகடுகளுக்குள் நுழைகின்றன. பார்ப்பதற்குக் கெட்டியான செம்புக் கம்பி மாதிரி இருந்தாலும் அவை குழாய்கள். உள்சுவரில் செம்புத்தூளை வறுத்து ஒட்டிய மாதிரி ஒரு படிவு, கொஞ்சம் தண்ணீர், காற்று நீக்கிய வெற்றிடம். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பறந்து, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்தப் படிவு நீரைத் திரும்ப இழுத்து வருகிறது. செத்துப்போன ஒரு லேப்டாப்பின் ஹீட் பைப் என்னிடம் கிடந்தது. அதன் ஒரு முனையை வெந்நீரில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்திலேயே வைத்த கரண்டியின் காம்பு அப்போதும் சாதாரணமாகத்தான் இருந்தது.

இதுவரை எல்லாம் நன்றாகவே போனது. தவறு நடந்தது தெர்மல் பேட்களில். பழைய பேட்கள் எண்ணெய் கசிந்து, தொட்டாலே உதிர்ந்தன. சுரண்டி எடுத்து ஓரமாகப் போட்டேன். மாஸ்ஃபெட் மேல் இருந்தது ஒன்றரை மி.மீ. போலத் தெரிந்ததால், மெமரிக்கும் அதே தடிமன்தான் என்று நினைத்து எல்லா இடத்திலும் 1.5 மி.மீ. பேட் வெட்டி ஒட்டினேன். சிப்பில் பேஸ்டை பிளாஸ்டிக் அட்டையால் மெல்லிசாக, மூலை விடாமல் தடவினேன். இது மூடி இல்லாத வெறும் சிலிக்கான். தடவாத இடம் அப்படியே சூடேறிக் கிடக்கும். ஸ்க்ரூக்களை மறுபடி எதிரெதிர் மூலையாக முறுக்கி, கார்டை ஸ்லாட்டில் வைத்து, கேமைத் தொடங்கினேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, 91 டிகிரி. நெஞ்சு படபடக்க உடனே அணைத்தேன்.

அன்று இரவு மறுபடியும் பதினேழு ஸ்க்ரூ. இந்த முறை கூலரைத் தூக்கியதும் பேஸ்டின் தடத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் விழுந்து மெலிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் நான் தடவியபோது அட்டை போட்ட கோடுகூடக் கலையாமல் இருந்தது. அதாவது கூலர் அங்கே சரியாக உட்காரவே இல்லை. மெமரி மேல் வைத்த தடித்த, விறைப்பான பேட்கள் முட்டுக்கொடுத்துக் கூலரைத் தூக்கி நிறுத்தியிருந்தன. ஸ்பிரிங் ஸ்க்ரூக்களின் பலம் முழுக்க பேட்களை அழுத்துவதிலேயே செலவாகியிருக்கிறது.

ஒதுக்கிப் போட்ட பழைய பேட் துண்டுகளைத் தேடி எடுத்து வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். மாஸ்ஃபெட் பேட் 1.4, மெமரி பேட் 0.9. நசுங்கிக் கிடந்த பேட் புதிதில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். எனவே அசல் 1.5, 1.0. நான் கூட்டிவிட்டது வெறும் அரை மி.மீ.

அது எவ்வளவு பெரிய தவறு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பேஸ்டின் வெப்பக் கடத்துதிறன் 5 என்று வைத்துக்கொள்வோம் (செம்புக்கு இது 400). சிப்புக்கும் செம்புக்கும் நடுவே பேஸ்ட் 0.05 மி.மீ. இருந்தால், 200 வாட் கடக்கும்போது அந்தப் படலத்தில் மட்டும் சுமார் 4 டிகிரி வித்தியாசம் வரும். அதுவே அரை மி.மீ. ஆனால் 40 டிகிரிக்கு மேல். இது பேஸ்ட் முழுமையாக நிரம்பியிருந்தால். நடுவில் காற்று புகுந்தால் இன்னும் மோசம். ஐந்து ஹீட் பைப், மூன்று ஃபேன், அவ்வளவு அலுமினியம் எல்லாம் இருந்தும், தலைமுடி அளவு இடைவெளியில்தான் அத்தனையும் நிற்கிறது. புதிய கூலர், விலை உயர்ந்த பேஸ்ட் என்று தேடுபவர்கள் முதலில் பேட் தடிமனை அளந்துவிடுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வது இதனால்தான். உரித்துப் போடும் முன்பே அளந்திருந்தால் எனக்கு அந்த இரவு மிச்சமாகியிருக்கும்.

மெமரிக்கு 1.0 மி.மீ. பேட் வந்து சேர இரண்டு நாள் ஆனது. மென்மையான வகையாகப் பார்த்து வாங்கினேன், அழுத்தினால் நன்றாக அமுங்குகிறது. பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை: பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூ முறுக்கி, உடனே மறுபடி கழற்றித் தடத்தைப் பார்த்தேன். இந்த முறை நாலு மூலையிலும் ஒரே மாதிரி மெலிந்து, நடுவில் செம்பின் நிறமே தெரியும் அளவுக்குப் படலம் பரவியிருந்தது. ஒவ்வொரு பேட்டிலும் மெமரி சிப்பின் சதுரம் அச்சுப் போல விழுந்திருந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்டோடு நிரந்தரமாகப் பூட்டினேன்.

அதே கேம், ஒரு மணி நேரம்: 69 டிகிரி. ஃபேன் 55 சதவீதத்தில் சுழல்கிறது, காது வைத்தால்தான் கேட்கிறது. இன்னும் சில வருடம் கழித்து நானோ, இதை வாங்கிக்கொள்ளும் வேறு யாரோ மறுபடி திறக்கத்தான் போகிறோம். அதனால் ஃபேன் கூட்டின் உட்புறத்தில், கூலரைக் கழற்றியதும் கண்ணில் படும் இடத்தில், மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘மெமரி 1.0, மாஸ்ஃபெட் 1.5.’