ரிப்பரில் முதலில் உடைய வேண்டியது எது?

மரக்கறிக் காணியில் ரொட்டரி (டிராக்டரில் சுழன்று மண் கிளறும் கத்தி) ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. போகம் போகமாக அதே ஆழத்தில் சுற்றினால் அடிமண் பலகை மாதிரி இறுகிவிடும். கரட் கவடு விடுவதும், மழை விட்ட பிறகும் லீக்ஸ் பாத்தியில் தண்ணீர் தேங்குவதும் பல நேரம் இதனால்தான். அந்தப் பலகையை உடைக்க ஒரு ரிப்பரும் (மண்ணை ஆழமாகக் கீறும் இரும்புக் கால்) அதை மாட்ட டிராக்டருக்குப் பின்னால் ஒரு டூல்பாரும் (குறுக்குப் பார்) போதும். ஆனால் நம் மண்ணுக்குள் கல் கிடக்கிறது. கல்லில் மாட்டினால் எது உடையவேண்டும் என்று முடிவு செய்துவிட்டு இரும்பை வெட்டுங்கள்.

கீழே உள்ள அளவுகள் 35 முதல் 45 குதிரைவலு வரையான டிராக்டருக்கும் ஒற்றை ரிப்பருக்கும். லேண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சக்கர டிராக்டர், இதை இழுக்காது.

பாருக்கு 100 × 100 மி.மீ. சதுரக் குழாய், சுவர்த் தடிப்பு 6 மி.மீ., நீளம் நாலரை அடி. அதில் ஓட்டை போடாதீர்கள். எல்லாவற்றையும் கிளாம்ப் போட்டே பிடியுங்கள். டிராக்டரின் பின்பக்கம் கீழே இரண்டு கை, மேலே ஒரு டொப் லிங்க் இருக்கும், பார் இவற்றில்தான் மாட்டும். கீழ்க் கைக்கான பின் (pin) 22 மி.மீ., டொப் லிங்க் பின் 19 மி.மீ. கீழ்ப் பின் ஒவ்வொன்றையும் இரண்டு 12 மி.மீ. தகடுகளுக்கு நடுவே பிடிக்கவேண்டும். உள் தகடுகளின் வெளிமுகங்களுக்கு இடையே 683 மி.மீ. கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின்னுக்கு 460 மி.மீ. உயரம். ஓட்டைகளை ட்ரில்லில் போடுங்கள். காஸில் சுட்ட ஓட்டை சீக்கிரமே முட்டை வடிவமாகிவிடும்.

பாரின் நடுவில் நின்று டொப் லிங்கைப் பிடிக்கும் கம்பத்துக்கு 100 × 12 மி.மீ. பட்டை இரண்டு. ரிப்பர் முனை பின்பக்கமாக இழுபடும்போது கம்பத்தின் தலை முன்னே சாய்ந்து டொப் லிங்கை நெருக்கும். அதனால் பட்டையின் 100 மி.மீ. பக்கம் டிராக்டர் போகும் திசையிலேயே நிற்கவேண்டும். திருப்பி வைத்து வெல்ட் பண்ணினால் முதல் நாளே வளையும்.

ரிப்பர் கால் 25 × 100 மி.மீ. பட்டை. பாருக்குக் கீழே குறைந்தது 26 அங்குலம் வேண்டும்: 14 அங்குலம் மண்ணுக்குள், மிச்சம் கட்டியும் குப்பையும் பாரில் முட்டாமல் போக. பாரின் பின்னால் இரண்டு 16 மி.மீ. தகடுகளுக்கு நடுவே காலைத் தொங்கவிட்டு, மேலே 24 மி.மீ. பின், அதற்கு 180 மி.மீ. கீழே ஒரு 12 மி.மீ. போல்ட். இந்தப் போல்ட்தான் உடையவேண்டும். தலையில் 4.6 என்று பலத் தரம் குத்தியிருப்பதைத்தான் வாங்கவேண்டும். அது முனையில் ஏறக்குறைய ஒரு தொன் விசை வரும்போது அறும், கால் பின்னால் மடங்கும். "அடிக்கடி போகுது" என்று 8.8 போடுகிறவர்கள் உண்டு. அதன் பலம் இரண்டு மடங்கு. அப்புறம் வளைவது காலோ டிராக்டரின் கீழ்க் கையோதான். மேலே பின், கீழே போல்ட் என்ற வரிசையை மாற்றவும் கூடாது. மாற்றினால் காலின் தலை பாரில் முட்டி நின்றுவிடும்.

முனைக்கு பழைய லொறி ஸ்பிரிங் பட்டை நல்லது, 60 மி.மீ. அகலம் போதும். நேரே வெல்ட் பண்ணினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஒரு இரவு ஆறவிடுங்கள். பிறகு ஓட்டை போட்டு இரண்டு போல்டில் பிடிக்கலாம். நுனியை மட்டும் காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி, பழைய எண்ணெயில் முக்கி, நீல நிறம் வரும்வரை திரும்பச் சூடாக்குங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். முனை தரையோடு 25 பாகை. முனையின் பின்பக்கக் குதி நுனியைவிட இரண்டு சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரிப்பர் இறங்காமல் மேலே வழுக்கும்.

மண் காய்ந்திருக்கும்போதுதான் இழுக்கவேண்டும். நுவரெலியாப் பக்கம் மாசி, பங்குனி. வெலிமடைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை. 14 அங்குலத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். புழு மாதிரி நீண்டால் இழுக்காதீர்கள், மண் உடையாமல் வழுவழுப்பாக ஒரு குழாய்தான் கிடைக்கும். கோடுகளுக்கு இடையே ஒன்றரை அடி.

சரிவுக்குக் குறுக்கே இழுங்கள். மேலிருந்து கீழே இழுத்த கீறல் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மேல்மண்ணை அள்ளிப் போகும். குறுக்கே ஓட்டப் பயமாக இருக்கும் சரிவில் டிராக்டருக்கே வேலையில்லை, கையால் முள்ளு (மண் கிளறும் முட்கருவி) குத்துவதுதான் வழி. தட்டின் (படிக்கட்டுப் பாத்தியின்) முனையில் ரிப்பரை முழுக்கத் தூக்கிவிட்டே திருப்புங்கள், 25 மி.மீ. பட்டைக்குப் பக்கவாட்டில் பலம் கிடையாது.