மொஹாவி பிளாயாக்களில் ஃபேரி ஷ்ரிம்ப் கணக்கெடுப்பு

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்து வறண்ட ஏரிகளில் (பிளாயா) குளிர்கால மழைத்தண்ணீர் சில வாரங்கள்தான் நிற்கும். அந்தத் தண்ணீரில் வாழும், இறால் போன்ற சிறு உயிர்தான் ஃபேரி ஷ்ரிம்ப். ஒரே தடவை வலை போட்டுவிட்டு ‘இல்லை’ என்று எழுதும் பதிவுக்கு மதிப்பில்லை. தண்ணீர் கட்டிய இரண்டு வாரத்துக்குள் முதல் சுற்று. பிறகு வற்றும்வரை 14 நாளுக்கு ஒருமுறை. சட்டப் பாதுகாப்பிலுள்ள பிராங்கினெக்டா லிஞ்சி என்ற ஃபேரி ஷ்ரிம்ப் இனம் இருக்கக்கூடிய இடமென்றால், அனுமதி கைக்கு வராமல் வலையை நனைக்கவே கூடாது.

வண்டி கரையோடு நிற்கட்டும். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் களி.

பலத்த காற்றில் ஆழமில்லாத தண்ணீர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். காலையில் குறித்த கரை மாலையில் இருக்காது. அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் புதிதாக ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். காற்று தள்ளிச் சேர்க்கும் ஓரத்தில் ஆரம்பிப்பதே லாபம். கலங்கல் பால் டீ மாதிரி இருப்பதால் கண்ணை நம்பிப் பயனில்லை. அரை மில்லிமீட்டர் கண் வலையை அடிச்சேற்றில் உரசாமல் இழுங்கள். சேறு ஏறினால் வலை அடைபடும், உயிர்கள் நசுங்கும். பிராங்கினெக்டா மக்கினி இனம் கூட்டமாக இதில் விழும். அதைத் தின்று வாழும் பிராங்கினெக்டா ஜைகாஸ் இனம் 5 செ.மீ.க்கு மேல் வளரும், எண்ணிக்கையில் குறைவு. அதற்கு அகலமான, கண் பெரிய வலையோடு நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

இனத்தை உறுதிசெய்ய முதிர்ந்த ஆண்கள் வேண்டும். அவற்றின் இரண்டாம் உணர்கொம்பின் அடிக்கணுவிலுள்ள முட்களையும் புடைப்புகளையும், நுனி வளைவையும் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். குஞ்சுகளை வைத்துப் பெயர் எழுத வேண்டாம். ‘பிராங்கினெக்டா’ என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். மாதிரிகளை 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். உடலிலுள்ள நீர் அதை நீர்த்துப்போகச் செய்யும்.

கோடையில் வறண்ட ஏரியின் மேல்மண்ணைக் கரைத்து, 0.3, 0.15 மி.மீ. சல்லடைகளில் அலசி, உப்புக்கரைசலில் மிதக்கவிட்டு முட்டைகளைப் பிரிக்கலாம். முட்டையின் தோற்றம் மட்டும் பெரும்பாலும் இனத்தைச் சொல்லாது. பொரிக்க வைத்து வளர்க்க வேண்டும். உப்பு குறைந்த, குளிர்ந்த தண்ணீரை முட்டையுள்ள மண்மேல் மெல்லிய படலமாக விடுங்கள். ஆழமாக ஊற்றினால் சேற்றில் ஆக்சிஜன் குறைந்து மக்கினி முட்டைகள் பொரியாமல் கிடக்கும்.

அடுத்த ஏரிக்குப் போகுமுன் பூட்ஸ், வலை, டயர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். வெயிலில் உலர்த்துவது இங்கே உதவாது. வறட்சியைத் தாங்கவே உண்டான முட்டைகள் இவை.